187ஆம் பக்கத்தில் கேட்டது ஒன்று, கண்டது வேறு

அனுப்புநர்:
பங்குதாரர், பதிவேட்டு எண் 4416,
ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தொலைபேசி இயக்குநர்,
ரொட்டிக் கடை மாடி, தண்ணீர்த் தொட்டித் தெரு.
(தங்கள் அலுவலகத்தில் "படப் புகார் அம்மா" என்று சொன்னால் என் கோப்பு உடனே கிடைக்கும்.)

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
நிறுவன ஆண்டறிக்கைகள் பதிவு அலுவலகம்,
இணைய வெளியீட்டுப் பிரிவு.

பொருள்: தகர மூடி தயாரிக்கும் நிறுவனம் தன் ஆண்டு நிதி அறிக்கையை இணையத்தில் வெளியிட்டபோது, 187ஆம் பக்கத்தில் ஒரு பணியிட விபத்தை முதலில் கண்ணுக்கும் பிறகு காதுக்கும் மறைத்தது குறித்துத் தங்கள் அலுவலகத்தில் உள்ள மூலக் கோப்பைத் திறந்து கேட்டு எழுத்து மூலம் சான்று தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: (1) இதே மனுதாரரின் முந்தைய மூன்று மனுக்கள். (2) தங்களுக்கு முன் இப்பொறுப்பில் இருந்த பதிவாளரின் ஆணை. (3) நிறுவனத்தின் பதில் கடிதம், ஆகஸ்ட் 19.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவைத் தாழ்மையுடனும், தாழ்மையைவிடச் சற்றுக் கூடுதலான கோபத்துடனும் தங்கள் முன் வைக்கிறேன். கோபம் தங்கள்மீது அல்ல. இன்றைய தேதி வரை அல்ல.

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்புப் பலகையில் வேலை பார்த்தேன். யார் பொய் சொல்கிறார்கள், யார் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறார்கள் என்பதைக் குரலை வைத்தே சொல்வது எனக்குப் பழகிப்போன வேலை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் பத்திகளில் "இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று தங்களுக்குத் தோன்றக்கூடும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

2. மேற்படி நிறுவனத்தில் என் தந்தை இயந்திரப் பழுது பார்ப்பவராக இருந்தார். அவர் என் பெயருக்கு எழுதிவைத்த முப்பது பங்குகளால் நான் பங்குதாரர். முன்பெல்லாம் ஆண்டறிக்கை தலையணை கனத்தில் தபாலில் வரும். படித்துக் காட்ட ஆள் தேட வேண்டும். பிறகு, இனி அறிக்கை இணையத்தில் மட்டுமே வரும், காகிதம் மிச்சம், மரங்கள் பிழைக்கும் என்று எழுதினார்கள். மரங்களைவிட நான்தான் அதிகம் மகிழ்ந்தேன். என் கணினியில் திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்கும் மென்பொருள் இருக்கிறது. யார் தயவும் இல்லாமல் என் நிறுவனத்தின் கணக்கை நானே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் ஏற்றிவைத்தது அச்சுப் பக்கங்களைப் புகைப்படம் எடுத்த கோப்பு. என் கணினி 'படம்' என்றது. அடுத்த பக்கம், 'படம்'. இருநூற்றுப் பதினான்கு பக்கமும் அதே ஒரு சொல். சாமர்த்தியம் வேண்டும் ஐயா, இவ்வளவு பேசி ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்கு.

3. ஆகவே மூன்று மனு எழுதினேன். எனக்குப் பட்டப்பெயர் கிடைத்தது அப்போதுதான். தங்களுக்கு முன் இருந்த பதிவாளர், அறிக்கை எழுத்தாகவே இருக்க வேண்டும், அதில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் அட்டவணைக்கும் பின்னால் அதைச் சொல்லில் விளக்கும் உரை சேர்க்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த விளக்கம் திரையில் தெரியாது. என்னைப் போன்றவர்களின் மென்பொருள் மட்டும் அதை எடுத்துப் படிக்கும். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

4. ஆணைப்படி நிறுவனம் யாரோ ஒருவரை வைத்து விளக்கம் எழுதியது. எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒழுங்கான ஆள். 'நிறுவனத் தலைவர் மேசைமுன் அமர்ந்து கைகளைக் கோர்த்தபடி புன்னகைக்கிறார், பின்னால் ஒரு தொட்டிச் செடி, இலை சற்று வாடியிருக்கிறது' என்று அவர் எழுதியிருந்ததை இன்னொரு முறை ஓடவிட்டுக் கேட்டேன். செடி வாடியதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கண்ணில் பட்டதை எழுதினார். நிறுவனத்தின் அறிக்கையில் உண்மை நுழைந்தது அந்த ஒரு வாசல் வழியாகத்தான்.

5. இனி விபத்துக்கு வருகிறேன். என் தம்பி அதே நிறுவனத்தின் இரண்டாம் உற்பத்திக் கூடத்தில், தகரத்தை அழுத்தி மூடியாக வெட்டும் நான்காம் எண் பிரஸ்ஸில் பதினாறு ஆண்டுகள் நின்றவன். அந்த இயந்திரத்தின் முன்னால் கம்பிவலைக் கதவு ஒன்று உண்டு. அது திறந்திருந்தால் இயந்திரம் ஓடாது. கை தப்பிப்பது அதனால்தான். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் நாலு மூடி குறைகிறது என்று யாரோ கண்டுபிடித்து, சென்ற நவம்பரில் கதவைக் கழற்றிவிட்டார்கள். தம்பி மேற்பார்வையாளரிடம் இரண்டு முறை சொன்னான். "ஆர்டர் முடியட்டும்பா, திரும்ப மாட்டிடலாம்" என்றாராம். கதவைக் கழற்றிய பதினோராம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, தம்பியின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தவிர மற்ற மூன்றும் போயின.

6. இரண்டாம் நாள் மருத்துவமனைக்கு நிறுவனத்தின் பணியாளர் அலுவலர் ஒரு பை பழத்துடன் வந்தார். வலி தெரியாமல் இருக்கப் போட்ட ஊசியில் தம்பி அரை மயக்கத்தில் இருந்தான். காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு மைப்பெட்டி திறக்கும் சத்தம். என்ன காகிதம், படித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். "லீவு லெட்டர்தாங்க்கா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றார். அந்தக் குரலில் இருந்த அவசரம் எனக்குக் கேட்டது. கேட்டும் விட்டுவிட்டேன். கையெழுத்துப் போடத் தெரிந்த என் தம்பியின் இடது கட்டைவிரலைப் பிடித்து உருட்டிக்கொண்டு போனார்கள். வீட்டு ஜன்னல் கம்பியைச் சரிசெய்யும்போது காயம்பட்டதாக அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது என்பது ஐந்து வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கம்பியே கிடையாது. முப்பத்தோரு ஆண்டு குரலைப் படித்தவள், சொந்தத் தம்பிக்கு வேண்டிய நேரத்தில் கோட்டைவிட்டேன். இந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

7. இவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் தேதி நிறுவனம் தன் ஆண்டு நிதி அறிக்கையை இணையத்தில் வெளியிட்டது. துணி மடித்துக்கொண்டே கேட்டேன். வரவு வந்தது, லாபம் வந்தது, தலைவர் நன்றி சொன்னார். 187ஆம் பக்கத்தில் பணியிடப் பாதுகாப்பு அட்டவணை. பங்கு வாங்குகிறவர்கள் முதல் பத்துப் பக்கத்தைத் தாண்டுவதில்லை என்பதால் அது அவ்வளவு பின்னால் இருக்கிறது. என் கணினி படித்தது இது, சொல் மாறாமல் தருகிறேன்: 'அட்டவணை. உயிரிழப்பு, இல்லை. கடுமையான காயம், ஒன்று. இரண்டாம் உற்பத்திக் கூடம், நான்காம் எண் அழுத்து இயந்திரம், வலது கை, மூன்று விரல்கள். சிறு காயம், ஏழு.' கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். ஒன்பது மாதமாக மறுத்தவர்கள் தாங்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் குரல் உடைந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

8. தம்பி வந்து திரையைப் பார்த்தான். மவுஸ் சக்கரத்தை மேலும் கீழும் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எங்கக்கா இருக்கு? 'கடுமையான காயம்: இல்லை'ன்னுல்ல போட்டிருக்கு" என்றான். நான் விளையாடாதே என்றேன். அவனும் அதையே சொன்னான். மறுபடி படிக்கவைத்தேன். கணினி 'ஒன்று' என்றது. அவன் திரையில் விரல் வைத்து 'இல்லை' என்றான். அக்கா தம்பி இருவரும் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சண்டை போட்டோம். அவன் கண்ணை நான் சந்தேகிக்க, என் காதை அவன் சந்தேகிக்க, கடைசியில் கீழே இருக்கும் ரொட்டிக் கடைக்காரரைப் பஞ்சாயத்துக்கு அழைத்தோம். அவர் மாவுக் கையோடு வந்து பார்த்தார், கேட்டார், மறுபடி பார்த்தார். "படிச்சா இல்லைங்குது, கேட்டா இருக்குங்குது. கம்பெனி நடத்துறாங்களா, கண்கட்டு வித்தை காட்டுறாங்களாம்மா?" என்றார். தேவையானால் அவரும் சாட்சி சொல்வார்.

9. நடந்தது என்ன என்று யூகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். முதலில் தயாரான அட்டவணையில் 'ஒன்று' இருந்திருக்கிறது. அந்த ஒழுங்கான ஆள் அதைப் பார்த்து விளக்கம் எழுதினார். பிறகு மேலிருந்து யாரோ சொல்ல, அட்டவணையின் படத்தை மட்டும் மாற்றி 'இல்லை' என்று வைத்தார்கள். பின்னால் இருக்கும் விளக்கத்தை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே அதைக் கேட்கிறவர் யாரும் இல்லை. பார்வையற்றவர்களுக்காகச் சேர்த்ததை அவர்கள் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்த்ததில்லை. பொய்யைக்கூட எங்களுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்ற மரியாதை அவர்களுக்கு இல்லை, ஐயா. எனக்கு அதுவே லாபமாகப் போயிற்று.

10. அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். மறைக்காமல் சொல்கிறேன். ஆகஸ்ட் 5 அன்று நிறுவனத்தின் பங்குதாரர் தொடர்பு அலுவலரிடம் தொலைபேசியில் பேசி, 187ஆம் பக்கத்தில் எது சரி என்று கேட்டேன். திருடன் கையில் சாவி கொடுத்த கதை. ஆள் குழைந்து குழைந்து பேசினார். "அப்படியாம்மா? பாத்துட்டு சொல்றேம்மா. டென்ஷன் ஆகாதீங்க" என்றார். ஆகஸ்ட் 7 அன்று அதே இணைய முகவரியைத் திறந்தேன். கணினி 'படம்' என்றது. இருநூற்றுப் பதினான்கு பக்கமும் மீண்டும் புகைப்படமாகிவிட்டன. திருத்தப்பட்டது என்ற ஒரு சொல் இல்லை. வெளியிட்ட தேதி மட்டும் அதே ஆகஸ்ட் 3. அச்சுப் புத்தகமாக இருந்திருந்தால் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கியிருக்க வேண்டும். இணையத்தில் ஒரு ஆள் நாற்காலியை விட்டு எழாமல் எல்லார் வீட்டுப் புத்தகத்தையும் மாற்றிவைத்துவிடுகிறான்.

11. நான் எழுதிக் கேட்டதற்கு ஆகஸ்ட் 19இல் பதில் வந்தது. அந்தக் கடிதமும் படமாகவே வந்தது. தம்பி மனைவி வேலை முடிந்து வந்து படித்துக் காட்டினாள். 'விளக்க உரையில் நேர்ந்த தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்' என்று இருந்தது. ஐயா, தட்டச்சுப் பிழையால் 'இல்லை' என்பது 'ஒன்று' ஆகலாம் என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் கூடம், எந்த இயந்திரம் என்று தட்டச்சுப் பிழைக்கு எப்படித் தெரியும்? இடது கை அல்ல, வலது கை என்று எப்படித் தெரியும்? மூன்று விரல் என்று எண்ணிச் சொன்னது எந்தப் பிழை? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் சோறுகூட வைக்காமல் மறைக்கப் பார்க்கிறார்கள்.

12. ஆகஸ்ட் 3ஆம் தேதிக் கோப்பின் பிரதி என்னிடம் இருக்கிறது. எங்கள் தெருவில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோவதால் எதையும் இறக்கிவைத்துக்கொண்டுதான் கேட்பது வழக்கம். ஆனால் அதை நானே மாற்றியிருக்கலாம் என்று நிறுவனம் சொல்லும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். சரி. தங்களிடம் இருப்பதை நான் மாற்றியிருக்க முடியாது அல்லவா? இணையத்தில் வெளியிடும் அன்றே அதே கோப்பைத் தங்கள் அலுவலகத்திலும் செலுத்த வேண்டும் என்பது விதி. ஆகஸ்ட் 3 அன்று செலுத்தியதற்கான ஒப்புகைச் சீட்டும் தங்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. அந்த 'ஒன்று' தங்கள் அலுவலகத்திற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

13. செப்டம்பர் 2 அன்று நானும் தம்பியும் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்தோம். மூன்றாம் முகப்புக் கவுண்டரில் இருந்த எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "வெப்சைட்ல இப்ப என்ன இருக்கோ அதுதாம்மா அறிக்கை" என்றார். மூலக் கோப்பைப் பாருங்கள் என்றேன். திறந்து பார்த்துவிட்டு, "இதுலயும் 'இல்லை'ன்னுதாம்மா இருக்கு" என்றார். பார்க்க வேண்டாம், கேளுங்கள் என்றேன். "இங்க எந்த கம்ப்யூட்டர்லயும் ஸ்பீக்கர் கிடையாதும்மா. சத்தம் வந்தா ஆபீஸுக்கு டிஸ்டர்பன்ஸ்" என்றார். என் பையில் காதுக்கருவி, அதாவது ஹெட்போன், இருக்கிறது, தருகிறேன் என்றேன். வெளியாள் சாமானை அலுவலகக் கணினியில் மாட்டப் பதிவாளரின் அனுமதி வேண்டும், அனுமதிக்கு மனு வேண்டும் என்றார். ஆகவே இம்மனு.

14. இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். இது பணம் கேட்டு எழுதும் மனு அல்ல. பணியிடத்தில் காயம்பட்டவனுக்கு அவன் கைக்கு ஏற்ற மாற்று வேலை கொடுத்து நிறுவனம் வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் காயம்பட்டவனை அனுப்பிவிடலாம். தம்பியின் புகார்மீது தொழிலாளர் நல அலுவலரின் இறுதி விசாரணை செப்டம்பர் 23 அன்று நடக்கிறது. நிறுவனத்தின் கையில் கட்டைவிரல் உருட்டிய காகிதம் இருக்கிறது. எங்கள் கையில் சாட்சி இல்லை. தம்பிக்கு இரண்டடி தள்ளி நின்று வேலை பார்த்தவர், அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், எங்கள் வீட்டுப் படியேறி வந்து, "எனக்கும் புள்ளகுட்டி இருக்குக்கா, என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதவில்லாத அந்த நான்காம் எண் பிரஸ்ஸில் இப்போது நிற்பது அவர்தான்.

15. என் தம்பி முன்பு வாய் ஓயாதவன். இப்போது சட்டைப் பித்தானைக் காலையில் அவன் மனைவி போட்டுவிடுகிறாள். அவள் போன பிறகு அவிழ்ந்தால் என்னிடம் வந்து நிற்பான், கேட்க மாட்டான். சென்ற வாரம் தானாக ஒரு வார்த்தை சொன்னான். "எல்லாரும் இல்லைங்கறாங்கக்கா. எனக்கே சில நேரம், வீட்லதான் அடிபட்டேனோன்னு தோணுது." ஐயா, விரலை எடுத்த இயந்திரத்தை மன்னித்துவிடலாம். அதற்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை அவனே நம்பாதபடி செய்தவர்களுக்கு எல்லாம் தெரியும்.

16. ஆகவே தங்களை வேண்டுவது:

(அ) செப்டம்பர் 23க்கு முன், ஆகஸ்ட் 3 அன்று தங்களிடம் செலுத்தப்பட்ட கோப்பை நிறுவனத்தின் ஆள் முன்னிலையிலும் என் முன்னிலையிலும் திறந்து, 187ஆம் பக்கத்தைத் தாங்களே காதால் கேட்க வேண்டும். காதுக்கருவிக்கு அனுமதி தேவையென்றால் இம்மனுவையே அதற்கான மனுவாகவும் கொள்ளலாம்.

(ஆ) கேட்டதைக் கேட்டபடி எழுதி, முத்திரையிட்டுத் தொழிலாளர் நல அலுவலருக்கு அனுப்ப வேண்டும். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். தங்கள் கருத்துகூட வேண்டாம்.

(இ) இணையத்தில் ஏற்றிய ஆண்டறிக்கையை மாற்றினால், எந்த நாள் மாற்றப்பட்டது, எது மாற்றப்பட்டது என்று அதிலேயே சொல்ல வேண்டும், பழையதும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் ஆணையிட வேண்டும். இதற்கு அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கு அவகாசம் இல்லை.

17. இன்னொன்று. விளக்கம் எழுதிய அந்த ஆளை நிறுவனம் தேடிக்கொண்டிருக்கும், அல்லது ஏற்கெனவே வேலையைவிட்டு அனுப்பியிருக்கும். இம்மனுவால் அவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரம் தங்களுக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் பயன்படுத்துங்கள்.

தாங்கள் அழைக்கும் நாளில், அழைக்கும் நேரத்தில் வரக் காத்திருக்கிறேன். அழைக்காவிட்டால் செப்டம்பர் 16 முதல் தினமும் காலை பத்து மணிக்கு மூன்றாம் முகப்பின் எதிரே உள்ள பெஞ்சில் இருப்பேன். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே மின்விசிறி நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் பதிலைக் கேட்கக் காத்திருக்கும்
பங்குதாரர், எண் 4416
(ஒப்பம்)

நாள்: செப்டம்பர் 9
இடம்: ரொட்டிக் கடை மாடி

இணைப்பு: ஆகஸ்ட் 3ஆம் தேதிக் கோப்பின் பிரதி, ஒப்புகைச் சீட்டு நகல், நிறுவனத்தின் கடிதம், ரொட்டிக் கடைக்காரரின் ஒரு பக்க வாக்குமூலம்.

குறிப்பு: பார்வையற்றவர் ஒப்பமிடும்போது, ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டியவர் விவரம் எழுதப்பட வேண்டும் என்று தங்கள் மனுப் படிவம் கேட்கிறது. காட்டியவர் என் தம்பி. என் பேனா முனையைப் பிடித்து இந்தக் கோட்டின்மேல் கொண்டுவந்து வைத்தது அவனுடைய வலது கை, அதில் உள்ள இரண்டு விரல்கள்.